குடிலில் மூன்று பல்புகள்

நேற்று எங்கள் மாடியில் கட்டிய சீரியல் செட் திடீரென்று முழுவதும் அணைந்தது. "ஒரு பல்பு கழண்டிருக்கும், பாருங்க தம்பி" என்றேன் எலெக்ட்ரீஷியனிடம். சொல்லும்போதே சின்ன வயதில் நாங்கள் இருந்த பாலக்கரை வீட்டின் வைக்கோல் வாசனை மூக்கில் ஏறியது.

அறுபதுகளின் தொடக்கம். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் காலை. எனக்குப் பத்து வயது, அக்காவுக்குப் பன்னிரண்டு. அட்டையாலும் வைக்கோலாலும் குடில் கட்டியிருந்தோம். அப்பாவின் டார்ச்சிலிருந்து எடுத்த இரண்டு பேட்டரிக் கட்டைகள், மூன்று பல்புகள். நட்சத்திரங்களுக்கு இரண்டு, தீவனத் தொட்டிக்கு ஒன்று. ஒரே ஒயரில் வரிசையாகக் கோத்திருந்தோம். மங்கலாக எரிந்தன.

குழந்தை இயேசுவை நள்ளிரவுப் பூசைக்குப் பிறகுதான் தொட்டியில் வைப்போம். அக்கா தொட்டிப் பல்பைக் கழற்றினாள். "பாலன் இன்னும் பொறக்கல. அதுக்குள்ள இங்க என்ன வெளிச்சம்?"

நட்சத்திரங்களும் அணைந்துபோயின. சாயங்காலம் தெருவே பார்க்க வந்துவிடும். "எரிஞ்சிட்டுப் போகட்டும்க்கா, மாட்டிடு" என்று கெஞ்சினேன். அவள் அசையவில்லை.

மத்தியானம் வரை பிரித்துப் பிரித்துக் கட்டினோம். கடைசியில் ஒவ்வொரு பல்புக்கும் கட்டைகளிலிருந்து தனித்தனியாக ஒயர் இழுத்தோம். தொட்டி இருட்டாகவே இருக்க, நட்சத்திரங்கள் முன்னைவிடப் பளிச்சென்று எரிந்தன. டார்ச்சைத் தேடி வந்த அப்பா, குடிலைப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போனார்.

எலெக்ட்ரீஷியன் ஒரு பல்பை அழுத்தினார். மாடி முழுக்க வெளிச்சம்.

"இதெல்லாம் எங்க படிச்சீங்கம்மா?"

"எங்க அக்காவோட பிடிவாதத்துகிட்ட" என்றேன்.