நான் நிறுத்தச் சொன்ன தகரம்

ஒரு குருவியின் வாலைப் பார்க்கும் ஆசையில், ஒரு குடும்பம் வருஷம் முழுக்கக் குடிக்க வேண்டிய கூழை ஒரே காலையில் பறவைகளுக்கு விருந்து வைத்தவன் நான். அப்போது எனக்கு நாற்பது வயது. புதுச்சேரியில் நோத்தேர் என்னும் பத்திர அதிகாரி ஒருவரிடம் பிரெஞ்சில் பத்திரம் எழுதிக்கொண்டிருந்தேன். மூன்று மொழியில் செய்தித்தாள் படிப்பேன். கம்பு எப்போது பால் பிடிக்கும் என்பது மட்டும் தெரியாது. அந்தக் கம்பு விளைந்த நிலமோ என்னுடையது.

எல்லாம் ஒரு தூரக்கண்ணாடியால் வந்தது. சீமைக்குத் திரும்பிய பிரெஞ்சுக்காரர் ஒருவரின் சாமான்கள் ஏலத்துக்கு வந்தன. சாய்வு நாற்காலி வாங்கப் போன நான் தூரக்கண்ணாடியும், படம் போட்ட பறவைப் புத்தகம் ஒன்றும் வாங்கி வந்தேன். நாற்காலி எங்கே என்று கேட்டாள் மனைவி. இரண்டையும் காட்டினேன். "இதுமேல எப்படிங்க உக்காருவீங்க?" என்றாள்.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமை தோறும் பாகூர்ப் பக்கம் இருக்கும் எங்கள் ஊருக்கு வந்துவிடுவேன். ஏரிக்கரைக்கு அப்பால் அய்யனார் கோயில் காடு இருக்கிறது. பத்துப் பதினைந்து காணி இருக்கும். வீரையும் கசானும் இலுப்பையுமாக மரங்கள் கொடி பின்னிக் கிடக்க, உச்சி வெயிலிலும் உள்ளே இருட்டாக இருக்கும். அய்யனாருக்குப் பயந்து யாரும் சுள்ளிகூட ஒடிப்பதில்லை. நான் தொப்பியும் தூரக்கண்ணாடியுமாக உள்ளே நுழைந்ததைப் பார்த்த பூசாரி, மரம் விலை பேச வந்திருக்கிறேன் என்று நினைத்து மூன்று வாரம் என்னோடு பேசவில்லை.

ஐப்பசி பிறந்த சமயத்தில், அந்தக் காட்டில் ஒரு பறவையைக் கண்டேன். கறுத்த தலை, பஞ்சு போன்ற உடம்பு, உடம்பை விட நீளமாக இரண்டு வெள்ளை நாடா போல வால். கண்ணாடியைத் தூக்குவதற்குள் போய்விட்டது. அலுவலகத்தில் சொன்னேன். கூட வேலை பார்த்தவர், முந்தின இரவு என்ன குடித்தேன் என்று விசாரித்தார். சரியாகப் பார்த்து, குறிப்பு எழுதி, அவர் வாயை அடைக்க வேண்டும் என்று வைராக்கியம் வந்துவிட்டது.

அடுத்த ஞாயிறு விடிந்ததும் காட்டுக்குப் போனால், டமடமவென்று ஒரே தகரச் சத்தம். காட்டை ஒட்டிய கொல்லையில் கம்பு கதிர் விட்டிருந்தது. அதை எங்களிடமிருந்து வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்கு தருவதாக, எடுத்துப் பயிர்செய்த குடியானவன் காலில் அரிவாள் பட்டுப் படுத்திருந்தான். அவன் மனைவி தனியாகப் பரண்மேல் நின்று, மண்ணெண்ணெய்த் தகரத்தைத் தட்டி, "ஓய்... ஓய்..." என்று கத்திக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தத்தில் எந்தக் குருவி காட்டில் தங்கும்? நேரே பரணடிக்குப் போனேன்.

"இன்னாங்க ஐயா, இந்நேரத்துல?" என்று மேலிருந்து கேட்டாள்.

"ஒண்ணுமில்ல. இந்தத் தகரத்தக் கொஞ்ச நேரம் நிறுத்தினா நல்லாருக்கும்."

"நிறுத்தறதா? கதிரு பால் புடிச்சிருக்குதுங்களே."

"உள்ள ஒரு குருவி பாக்கணும்."

அவள் என்னைப் பார்த்தாள், கழுத்தில் தொங்கிய கண்ணாடியைப் பார்த்தாள். "குருவிதானே? இங்கயே நில்லுங்க. நான் வெரட்டறதெல்லாம் புடிச்சா ரெண்டு வண்டி தேறும்."

"இது வேற. வால் இத்தன நீளம்."

"வால வச்சிக்கினு இன்னா பண்ணப் போறீங்க?"

நியாயமான கேள்வி. ஆனால் நான் கொஞ்சம் விறைப்பாக, "ஒரு மணி நேரந்தான்" என்றேன். அவள் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. "சரிங்க" என்று இறங்கிவிட்டாள். அவள் சம்மதித்துவிட்டாள் என்றே அப்போது நினைத்தேன். நிலத்துக்காரன் வந்து கேட்டால் சரி என்பதைத் தவிர அவளுக்கு வேறு சொல் இல்லை என்பது எனக்கு எட்டவில்லை. எட்டாததோடு நில்லாமல், தாராள மனசு வேறு காட்டினேன். "வூட்டுக்குப் போயி அவனுக்குக் கஞ்சி குடுத்துட்டு வாயேன். குருவி வந்தா நான் வெரட்டறேன்."

"நெசமாவா ஐயா? மறந்துட மாட்டீங்களே? வருஷத்துக்கும் எங்களுக்கு இதாங்க."

"போம்மா, நான் இருக்கேன்" என்றேன்.

காட்டோரம் ஒரு வீரை மரத்தடியில் உட்கார்ந்தேன். எறும்பு கடித்தது. சத்தம் அடங்கியதும் காடு மெல்ல வாய் திறந்தது. மரங்கொத்தி தட்டியது, எங்கோ ஒரு குயில் கூப்பிட்டது. அப்புறம் அது வந்தது. தாழ்ந்த கொடியில் உட்கார்ந்து, ஒரு பூச்சியைத் தாவிப் பிடித்து, திரும்ப அதே இடத்தில் உட்கார்ந்தது. வால் பின்னால் நிதானமாக வந்து சேர்ந்தது. எத்தனை நேரம் பார்த்தேனோ தெரியாது. கண்ணில் தண்ணீர் வந்தது, எறும்பாலும் இருக்கலாம்.

வால்குருவி போனபிறகு தலைக்குமேல் ஒரு இரைச்சல். பெரிய கூட்டமொன்று சுழன்று திரும்பி என் பின்னால் இறங்கியது. கறுப்புத் தலை, மங்கிய ரோஜா நிற உடம்பு. புத்தகத்தில் அதன் படம் இருந்தது! வெட்டுக்கிளிகளைத் தின்று தீர்க்கும், குடியானவனுக்கு உற்ற நண்பன் என்று அதில் எழுதியிருந்தது. நண்பர்கள் கொல்லையில் இறங்குவதைக் கண்ணாடி வழியாகவே ரசித்தேன். அவள் தொண்டை கிழியக் கத்துவது வீண், இதைப் பொறுமையாக எடுத்துச் சொல்ல வேண்டும் என்றும் தீர்மானித்தேன். "மகத்தான காட்சி" என்று நோட்டில் எழுதி அடிக்கோடு இட்டேன்.

"ஐயோ, சோளக்குருவி!" என்று வரப்பில் அவள் குரல் கேட்டது. எங்கள் பக்கத்தில் அதற்கு அந்தப் பெயர். அதைக் கேட்டுவைத்திருந்தால் புத்தகமே வேண்டியிருந்திராது.

கஞ்சிக் கலயத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்து பரணில் ஏறித் தகரத்தைத் தட்டினாள். கூட்டம் எழுந்தது. கீழே கதிர்கள் மணி உதிர்ந்து, துடைப்பக் குச்சி போல நின்றன. ஓரத்தில் ஒரு பாத்தி மட்டும் தப்பியிருந்தது. அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். பரண்மேலேயே தகரத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "அது வெட்டுக்கிளி திங்கிற குருவின்னு புஸ்தகத்துல போட்டிருக்கு" என்றேன்.

"வெட்டுக்கிளி இருந்தா தின்னும் ஐயா. இங்க கம்புதானே இருந்துது."

இத்தோடு முடிந்திருந்தால் மடத்தனம் என்று எழுதி ஆறுதல் அடைந்திருப்பேன். அன்று ஊரிலேயே தங்கிவிட்டேன். மறுநாள் காலை வீட்டு வாசலில் ஊர்க்காரர் நாலு பேரோடு பேசிக்கொண்டிருந்தபோது, அவள் புருஷன் கட்டுப்போட்ட காலை இழுத்துக்கொண்டு தடி ஊன்றி வந்தான். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றான். "அவ புத்தி கெட்டவ ஐயா. கதிரு நேரத்துல கொல்லைய வுட்டுட்டு வந்துட்டா. இதுக்காவ நெலத்த வேற ஆளுக்கு மாத்திடாதீங்க. மன்னிச்சுக்கணும்" என்றான். அவள் அவனிடம் என் பேச்சையே எடுக்கவில்லை.

நாலு பேரும் என்னைப் பார்த்தார்கள். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல இடம் கிடைக்காது. நான், "சரி, போ. இனிமே பாத்து நடந்துக்கச் சொல்லு" என்றேன். ஆமாம், மன்னித்துவிட்டேன். இந்த வருஷம் வாரம் வேண்டாம் என்றும் சொன்னேன். வாரம் பிரிக்க அங்கே ஒன்றும் இல்லை. நாலு பேரும் என் தயாள குணத்தை மெச்சினார்கள்.

மூன்று நாள் கழித்து, இருட்டும் சமயம் பார்த்து அவர்கள் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். தானியம் இரண்டு மூட்டை முன்னாலேயே அனுப்பியிருந்தேன். அவன் நம்பவில்லை. பெண்டாட்டியைக் காப்பாற்ற ஐயா பழியைத் தன்மேல் போட்டுக்கொள்கிறார் என்று கண் கலங்கினான். எவ்வளவு சொல்கிறேனோ அவ்வளவு பெரிய மனிதனாகிக்கொண்டே போனேன். அடுப்படியில் இருந்த அவள் மட்டும் நிமிர்ந்து பார்த்தாள். சிரித்தாளா என்று தெரியவில்லை. வாசலில் பார்த்த அந்த நாலு பேரிடம் இன்றுவரை நான் வாய் திறக்கவில்லை.

அடுத்த வருஷமும் அதே கொல்லையில் அவர்கள்தான் கம்பு போட்டார்கள். ஒருநாள் கிருமாம்பாக்கம் சாலையில் என் வண்டியை நிறுத்தச் சொல்லிக் கை காட்டினாள் அவள். தலையில் புல்லுக்கட்டு. பக்கத்தில் வந்து, மரியாதையாகத்தான் கேட்டாள்:

"இந்த வருஷம் குருவி பாக்க என்னிக்கு வர்றீங்க ஐயா? முன்னாடியே சொல்லிட்டீங்கன்னா, அதுக்கு மொத நாளே அறுத்துடுவோம்."