நூறு பேரில் அப்பா இல்லை

"இந்த மாத்திரையால நூறு பேர்ல ரெண்டு பேருக்குத்தான் இருமல் வரும்னு போட்டிருக்குங்கியே, அந்த நூறு பேரு யாருட்டி?" என்று அப்பா கேட்டார். தெரியாது என்று சொல்ல எனக்கு வரவில்லை. "டாக்டருங்க எண்ணியிருப்பாங்கப்பா" என்றேன்.

அது 1997. பிளஸ் டூவில் இரண்டு பாடம் போய், சைதாப்பேட்டை வீட்டில் சும்மா இருந்தேன். ஆனாலும் வீட்டில் இங்கிலீஷ் தெரிந்தவள் நான்தான். மாத்திரை டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கும் தாளை வாசிப்பது என் இலாகா.

அப்பா முருகையன் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். தி. நகர் ஜவுளிக்கடை ஒன்றில் பட்டுப் பிரிவில் பதினெட்டு வருஷம். வேடிக்கை பார்க்க வந்தவர்களைக்கூடப் பேசியே சேலை எடுக்க வைத்துவிடுவார். மாரடைப்பு வந்து பிழைத்தபின் கொடுத்த மாத்திரையைத் தொடங்கிய மூன்றாம் வாரம், வறட்டு இருமல் பிடித்தது. கல்யாணச் சேலை எடுக்க வந்தவர்கள் நகர்ந்து போனார்கள்.

"முருகையா, இருமல் நிக்குத வரைக்கும் குடோன்ல சேல மடிச்சுக்கிட்டு கெட. தீபாவளிக்கும் இப்படின்னா வேற ஆளதான் போடணும்" என்றார் முதலாளி.

நான் தீர்ப்புச் சொன்னேன்: மாத்திரை காரணமில்லை, கடை ஏசிதான். என் கையால் சுக்குக் கஷாயம், மூன்று வேளை. ஒரு மாதத்தில் இருமல் நின்றது. எதிர்வீட்டு கமர் ஜஹான் அக்காவிடம் பெருமையடித்தேன்.

"இன்னாடி, டாக்டராவே ஆயிட்டியா?" என்றார். நான் மறுக்கவில்லை.

உண்மையில் அப்பா யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தியிருந்தார். கால் வீங்கி, கடைப் படியில் மூச்சு முட்டி உட்கார்ந்த பிறகுதான், மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டர் ஷாஹுல் ஹமீதிடம் ஒப்புக்கொண்டார்.

"இருமல்னு ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னா வைவீயளோன்னு... பிள்ள வேற, நூறு பேர்ல ரெண்டு பேருக்குத்தான் வரும்னு தாள்ல போட்டிருக்கு, மாத்திரையால இல்லன்னுட்டா."

டாக்டர் என்னைப் பார்த்தார். "அந்தக் கணக்கு வெள்ளைக்காரங்கள வச்சு எடுத்ததும்மா. என்கிட்ட வர்ற நம்ம ஜனங்கள்ல அதைவிட நிறைய பேர் இருமுறாங்க. நம்மள யாரும் இன்னும் சரியா எண்ணல." வேறு மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

இருமல் திரும்பவில்லை. தீபாவளிக்கு அப்பா பட்டுப் பிரிவில்தான் இருந்தார், ஆனால் நாற்காலியில். மருந்தில்லாத நாட்களில் இதயம் இழந்த பலம் முழுதாக வராதாம். அதில் என் கஷாயத்துக்கும் பங்கு உண்டு.

இதய மாத்திரை சாப்பிடும் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால் இதைச் சொல்லுங்கள். இருமல் வந்தால் தானாக நிறுத்த வேண்டாம், டாக்டரிடம் போகட்டும். என்னைப் போல எல்லாம் தெரிந்த பிள்ளை அந்த வீட்டில் இருந்தால், முதலில் அவளிடம் சொல்லுங்கள்.