மீசைக்குக் கேட்ட மருந்து

நேற்று ஓட்டுப் போட்டுவிட்டு வந்தேன். சாவடியில் ஊதாவாக, சாதுவாக இருந்த மை, வெயிலில் வீடு வந்து சேர்வதற்குள் நகக்கண்ணோடு கறுத்துவிட்டது. அதில் சில்வர் நைட்ரேட் இருக்கிறது. வெயில் பட்டால் அதன் குணம் அது. விரலைப் பார்த்தால் மற்றவர்களுக்கு ஜனநாயகம் நினைவுக்கு வருமாம். எனக்கு வந்தது பழைய பொறாமை.

வெள்ளைக்காரன் காலத்தில் பூந்தமல்லி மருந்துக்கடை ஒன்றில் கம்பவுண்டருக்குக் கையாளாக இருந்தேன். பள்ளிப் படிப்பு முடித்த திமிர். தலைவலி மாத்திரைக்கு வந்தவரிடம்கூட ரசாயனப் பிரசங்கம் செய்வேன். இந்தச் சில்வர் நைட்ரேட் உப்பு அங்கே பழுப்பு பாட்டிலில், அலமாரியின் இருட்டு மூலையில் இருந்தது. பார்த்தால் கற்கண்டுத் தூள். நீர்க்கக் கரைத்தால் அன்று பிறந்த குழந்தையின் கண்ணுக்குச் சொட்டுமருந்து. கெட்டியாகக் கரைத்தால் மருவையே பொசுக்கிவிடும்.

அந்தச் சொட்டுமருந்தை வாங்க வருகிறவள் பிரசவ ஆஸ்பத்திரி நர்ஸ் லோகநாயகி, பாரிவாக்கத்துப் பெண். அவள் விரல்நுனியில் மருந்து பட்ட கரும்புள்ளிகள் எனக்கு மருதாணியைவிட அழகாகத் தெரிந்தன என்றால் மிச்சம் உங்களுக்கே புரியும். அவளுக்குத்தான் தெரியாது. மீசை இன்னும் கொஞ்சம் அடர்ந்ததும் சொல்லலாம் என்றிருந்தேன்.

ஒருநாள் சாரங்கபாணி வந்தார். அம்பத்தூர் ஸ்டேஷனில் பார்சல் கிளார்க். வயது முப்பதுக்குள்தான், மீசை மட்டும் அவசரப்பட்டு நரைத்திருந்தது.

"தம்பி, நரையைக் கருக்க ஏதோ உப்பு கீதாமே? வெள்ளிக்கெழம பொண்ணு பாக்கப் போறேன். இப்டியே போனா, தாத்தாவையும் கூட்டிகினு வந்துகிறாங்கோன்னு சொல்லுவாங்கோ."

"பொண்ணு யாரு?"

"பாரிவாக்கம். நர்ஸு லோகநாயகி."

நரையோடு போனால்தானே பெண் வீட்டில் வேண்டாம் என்பார்கள்? பிரசங்கத்தை ஆரம்பித்தேன்.

"வேணாம் அண்ணாத்தே. பூசறப்போ தண்ணி மாதிரி ஒண்ணும் தெரியாது. வெயில்ல போனா ஒதடெல்லாம் அட்டக்கரி. சோப்புக்குப் போவாது, தோலு உரிஞ்சாத்தான் போவும். கண்ணுல பட்டா பார்வ பூடும். உள்ள போனா வயிறு வெந்துடும்."

"அய்யய்யோ! மீசைக்கு மருந்து கேட்டா பாடைக்கு வழி சொல்றியே!"

"நரையோட போங்க. அதான் கவுரவம்."

ஒரு வார்த்தை பொய்யில்லை. அவர் போனதும் கண்ணாடியில் என் கறுப்பு மீசையைப் பார்த்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் லோகநாயகி சிரித்துக்கொண்டே வந்தாள்.

"இன்னா நைனா, எங்க மாப்பிள்ளையை அப்டிப் பயமுறுத்திட்டே! ஏன் மை பூசலேன்னு எங்க சித்தி கேட்டே புட்டாங்கோ. பூசத்தான் போனேன், மருந்துக்கடத் தம்பி திட்டி அனுப்பிட்டாருன்னு பட்டுனு சொல்ட்டாரு. ஊடே சிரிச்சுது. மறைக்கத் தெரியாத ஆளு, அங்கியே எனக்குப் புடிச்சிப்போச்சு."

கல்யாணத்தில் முதல் பந்தியில், சாரங்கபாணியே என் கையைப் பிடித்து உட்காரவைத்தார். பாயசம் இறங்கவில்லை, இருந்தாலும் இரண்டாம் முறை வாங்கிக்கொண்டேன்.

அவருக்கு மாற்றலாகி இருவரும் ரேணிகுண்டா பக்கம் போனதோடு சரி. கடையும் போய்விட்டது, அந்த இடத்தில் இப்போது பஸ் திரும்புகிறது. லோகநாயகியின் முகத்தை நினைத்துப் பார்க்கிறேன், வரமாட்டேன் என்கிறது. மூக்குத்தி இடப்பக்கமா வலப்பக்கமா என்பதுகூட அழிந்துவிட்டது. சாரங்கபாணியின் மீசை மட்டும் அப்படியே நிற்கிறது, இடது நுனியில் கறுப்பாக மிஞ்சியிருந்த நாலு முடி உட்பட. அவள் கடையில் நின்றபோதெல்லாம் தலைகுனிந்து பொட்டலம் மடித்தவன், அந்த மீசையைத்தானே அவ்வளவு கூர்ந்து பார்த்தேன்.