அழற்சி என்றால் அலர்ஜி

அந்தோணிசாமி சார் அன்று காலை முழுக்கைச் சட்டையின் பட்டனைக் கழற்றிக் கையைக் காட்டியபோது அவர் முகத்தில் ஒரு திருப்தி இருந்தது. முழங்கை வரைக்கும் சிவப்புத் தடிப்பு. கண்ணோரம் வீக்கம். தொட்டுப் பார்த்தேன், நல்ல ஜுரம்.

"நல்லா வெளிய வருது மேடம். மாத்திரை வேலை செய்யுது" என்றார்.

இன்னொரு சட்டைக்கையையும் மடக்கிப் பார்த்தேன். "எத்தனை நாளா சார்?"

"அஞ்சு நாளா. எல்லாம் நீங்க குடுத்த கார்டுல எழுதி வச்சிருக்கேன்."

அப்போது நான் பெங்களூரில் அல்சூர் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்டடி கோஆர்டினேட்டர். மருந்துச் சோதனைக்கு ஆள் சேர்ப்பது, படிவத்தை விளக்கிக் கையெழுத்து வாங்குவது, மாத்திரை கொடுப்பது, வருகிற வம்பையெல்லாம் ஃபைலில் கட்டுவது, இதுதான் வேலை. அந்த ஸ்டடி, எச்.ஐ.வி.க்குப் பல வருஷமாகக் கொடுத்துவரும் ஒரு பழைய மாத்திரையைப் பற்றியது. வயதாக ஆக, நம் செல்களுக்குள் பரம்பரையாகத் தூங்கிக் கிடக்கும் வைரஸ் துணுக்குகள் சில விழித்துக்கொள்கின்றனவாம். உடம்பு அவற்றை எதிரி என்று நினைத்து உள்ளுக்குள் ஓயாமல் சண்டை போட, மூட்டு, ரத்தக்குழாய், மூளை என்று எல்லாம் மெல்லக் கெடுகின்றன என்கிறார்கள். இங்கிலீஷில் இன்ஃப்ளமேஷன். அந்தச் சண்டையை இந்த மாத்திரை அடக்குமா என்பதுதான் கேள்வி. பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் மாவு மாத்திரை. யாருக்கு எது என்று எங்களுக்கே தெரியாது.

இதைச் சொல்லும் தமிழ்ப் படிவம் எங்கிருந்தோ மொழிபெயர்த்து வந்தது. இன்ஃப்ளமேஷனுக்கு 'அழற்சி'. அலர்ஜிக்கு 'ஒவ்வாமை'. அகராதிப்படி ஒரு குறையும் இல்லை. ஆனால் மர்பி டவுனிலும் ஜோகுபாளையத்திலும் யார் இப்படிப் பேசுகிறார்கள்? அழற்சியைப் பார்த்தவர்கள் எல்லோரும் அலர்ஜி என்றே படித்தார்கள். ஸ்டடியை நடத்தும் டாக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் கன்னடக்காரர். தமிழ் நன்றாகப் பேசுவார், படிக்க வராது.

"லதா, சர்டிஃபிகேட் இருக்கு. வேற ஆளை வச்சு அதைத் திருப்பி இங்கிலீஷ்ல மாத்திப் பாத்தாச்சு. எல்லாம் கரெக்டா வந்திருக்கு."

"படிக்கிறவங்களுக்குப் புரியலியே சார்."

"ஒரு வார்த்தை மாத்தினாலும் புது வெர்ஷன். எதிக்ஸ் கமிட்டிக்கு மறுபடி போகணும். சும்னே தலைநோவு. நீங்க வாயால ஸ்வல்ப விளக்கிடுங்க."

பதினெட்டுப் பக்கம். வெளியே பெஞ்சில் வரிசை. நானும் விளக்கினேன், கடகடவென்று.

அந்தோணிசாமி சார் ஒரு தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் இருந்து ரிட்டயர் ஆனவர். நூல் பிசகாத மனுஷர். அவர் கார்டில் தினமும் மாத்திரை போட்ட நேரம் நிமிஷத்தோடு இருந்தது. 'ஒவ்வாமை ஏதும் உண்டா? இருந்தால் மாத்திரையை நிறுத்தி உடனே போன் செய்யவும்' என்ற கட்டத்தில் ஐந்து நாளும் ஒரே பதில்: 'இல்லை. சாப்பாடு நன்றாக ஒத்துக்கொள்கிறது.' கீழே குறிப்பு: 'அழற்சி கைகளில் வெளியேறுகிறது. இன்று முதுகிலும்.'

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. "தடிப்பு வந்தப்பவே ஒரு போன் பண்ணக் கூடாதா சார்?"

"அலர்ஜியைக் குறைக்கத்தான் மாத்திரைன்னு ஃபார்ம்லயே போட்டிருக்கே மேடம். உள்ள இருக்கறது வெளிய வந்தாத்தானே குறையும்?"

அன்றே அட்மிட் செய்தோம். வாய்க்குள் புண் தொடங்கிவிட்டது. இன்னும் ரெண்டு மாத்திரை போட்டிருந்தால் பிழைத்திருக்க மாட்டார் என்று ஐ.சி.யு. டாக்டர் சொன்னார். வாசலில் ஜெபமாலையோடு உட்கார்ந்திருந்த அவர் மனைவியைத் தாண்டிப் போகவே எனக்குப் பயமாக இருந்தது. யாருக்கு எந்த மாத்திரை என்ற ரகசியப் பட்டியலைப் பிரித்துப் பார்த்ததில் அவருக்கு விழுந்தது அசல் மருந்து. நாலாம் நாள்தான் ஜுரம் இறங்கியது.

அதற்குள் டாக்டர் ரிப்போர்ட்டை டைப் அடித்து என் மேஜையில் வைத்திருந்தார். 'பங்கேற்பாளர் அறிவுறுத்தல்களைப் பின்பற்றவில்லை' என்று ஒரு வரி.

"இதுல நான் கையெழுத்துப் போட மாட்டேன் சார். சொன்னதை அட்சரம் பிசகாமப் பின்பற்றின ஒரே ஆள் அவர்தான்."

என் குரல் வராந்தா வரைக்கும் கேட்டிருக்கும். டாக்டர் பேனாவை எடுத்து அந்த வரியைக் கோடு போட்டு அடித்தார். படிவமும் மாறியது. அவ்வளவு பெரிய தலைநோவு என்று அவர் சொன்ன கமிட்டி ரெண்டே வாரத்தில் அனுமதி கொடுத்துவிட்டது. இதை முதலிலேயே செய்திருந்தால் என்ன என்று நினைக்க நினைக்க இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

டிஸ்சார்ஜ் அன்று அந்தோணிசாமி சார் என்னைத் தேடி வந்தார். தோல் உரிந்துகொண்டிருந்தது.

"என்னால உங்க ஆராய்ச்சி கெட்டுப்போச்சா மேடம்? நான் இன்னும் கவனமாப் படிச்சிருக்கணும்."

"நீங்க சரியாத்தான் படிச்சீங்க சார்" என்றேன்.

இந்த வேலைக்கு வருகிறவர்கள் 'புரிஞ்சுதா?' என்று கேட்காதீர்கள். எல்லோரும் தலையாட்டுவார்கள். 'என்ன புரிஞ்சுதுன்னு சொல்லுங்க' என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு உட்காருங்கள். நான் அவரிடம் அதைக் கேட்கவில்லை. ஆனாலும் அவருடைய படிவத்தின் கடைசிப் பக்கத்தில், 'இவருக்குப் புரியும் மொழியில் விளக்கினேன்' என்ற வரிக்குக் கீழே இருப்பது என் கையெழுத்து.