மார்டள்ளி குழந்தைக்கு மைசூரில் மனு

வக்கீல் சேஷாத்ரி சார் போய்விட்டாராம். இன்று காலை, மைசூரிலேயே... தொண்ணூறைத் தாண்டிய வயசு.

எல்லாரும் ஆர்.ஐ.பி. போடுகிறீர்கள். நானும் போடலாம் என்றுதான் ஃபோனை எடுத்தேன். கை வரவில்லை. கோபம்தான் வருகிறது, மன்னிக்கணும்.

சுதந்திரம் வந்து பத்து வருஷம்கூட ஆகாத சமயம். என் அக்காவை மார்டள்ளியில் கட்டிக் கொடுத்திருந்தோம். அக்கா வீட்டுக்காரர் திடீரென்று காய்ச்சலில் போய்விட்டார். புகுந்த வீட்டார் குழந்தையை வைத்துக்கொண்டு, அக்காவை மட்டும் மைசூரில் எங்க வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். முருகேசனுக்கு அப்போது ரெண்டு வயசு. பால்குடிகூட மறக்கவில்லை.

அப்பா அக்காவைக் கூட்டிக்கொண்டு சாரிடம் போனார். நானும் கூடப் போனேன். சாருக்கு அப்போது சின்ன வயசு, கருப்பு கோட்டு புதுசு. கோர்ட் குமாஸ்தா ஒருத்தன் அக்காவை "ஏய்" என்றான். "அம்மா அன்னி!" என்று, அதாவது அம்மா என்று சொல்லச் சொல்லி, கன்னடத்தில் சார் ஒரு அதட்டு போட்டார் பாருங்கள்... அன்றிலிருந்து அக்காவுக்கு அவர் தெய்வம்.

அந்த தெய்வம் செய்த வேலையைக் கேளுங்கள்.

குழந்தை யார் பொறுப்பில் இருக்கணும் என்ற மனுவை, குழந்தை வசிக்கிற ஜில்லா கோர்ட்டில்தான் போடணும். மார்டள்ளி அப்போது மெட்ராஸ் ஸ்டேட், கோயமுத்தூர் ஜில்லா, கொள்ளேகால் தாலுகா. சார் மைசூரில் போட்டார்!

ஏன்? பேப்பரில் வந்துவிட்டதாம். "கொள்ளேகால் பக்கமெல்லாம் நம்ம மைசூர் ஸ்டேட்டுக்கு வரப்போறது ரீ. ஹியரிங் வர்றதுக்குள்ள பார்டரே மாறிடும். நீங்க எதுக்குக் கோயமுத்தூருக்கு அலையணும்?" என்றார். அப்பாவும் தலையாட்டினார். காடு, மலை தாண்டிக் கோயமுத்தூர் போவது என்றாலே எங்களுக்கு மலைப்பு.

எதிர்க்கட்சி வக்கீல் முதல் வாய்தாவிலேயே எழுந்து, இது இந்தக் கோர்ட்டுக்கு வராத கேஸ் என்று சொல்லிவிட்டார். அதைப் பற்றி சார் எங்களிடம் மூச்சு விடவில்லை. மனுவைத் திரும்ப வாங்கிக் கோயமுத்தூரில் போட்டிருக்கலாம். கௌரவம் விடுமா? "அம்மா எங்கே இருக்காளோ, சட்டப்படி குழந்தையும் அங்கேதான்" என்று வாதம் பண்ணிக்கொண்டிருந்தார். பிரமாதமான வாதமாம். ஜட்ஜே ரசித்துக் கேட்டாராம்...

வாய்தா மேல் வாய்தா. ஒவ்வொரு தடவையும் அக்கா, "அடுத்த தரம் குடுத்துடுவாங்க இல்ல சார்?" என்பாள்.

"ஆகுத்தம்மா, ஆகுத்து" என்பார், ஆகிவிடும் என்று.

கடைசியில், இந்தக் கோர்ட்டுக்கு வராது என்று மனுவைத் திருப்பிக் கொடுத்தார்கள். அப்பா அலைந்து திரிந்து, கோயமுத்தூரில் வேறு வக்கீல் வைத்துப் போட்டார். அங்கே விசாரணை வருவதற்குள், சார் சொன்ன மாதிரியே பார்டர் மாறியது. கேஸ் கட்டு அப்படியே மைசூருக்கு வந்தது. அதே கோர்ட், அதே பெஞ்சு, எங்களுக்கு மறுபடி அதே சார்... சிரிப்பதா, அழுவதா?

அதற்குள் முருகேசனுக்கு நாலு வயசு தாண்டிவிட்டது. ஜட்ஜ் அவனைப் பக்கத்தில் கூப்பிட்டு, "யார்கிட்ட போறே கண்ணு?" என்று கேட்டார்.

அவன் அக்காவைக் கொஞ்ச நேரம் பார்த்தான். அப்புறம் ஓடிப்போய்ச் சித்தப்பா காலைக் கட்டிக்கொண்டான். "அது யாரு சித்தப்பா?" என்றான்.

அக்கா அழவில்லை. மனு தள்ளுபடி என்று சார் வெளியே வந்து சொன்னபோதும், "காலையில ஏதாவது சாப்பிட்டீங்களா சார்?" என்றுதான் கேட்டாள். எனக்கு அவர் சட்டையைப் பிடிக்கணும் போல இருந்தது.

அப்புறம் வருஷத்துக்கு ஒரு தரம் விருந்தாளி மாதிரி மார்டள்ளி போய் மகனைப் பார்த்துவிட்டு வருவாள். கடைசி வரை அவ்வளவுதான்.

இன்று சாருடைய ஜூனியர்கள் எழுதியதைப் படித்தேன். குழந்தை கேஸ் என்று யார் வந்தாலும் சார் பெயர்கூடக் கேட்க மாட்டாராம். "குழந்தை இப்ப ராத்திரி எங்கம்மா தூங்கறது?" இதுதான் முதல் கேள்வியாம். பதிலைக் கேட்டதும், அந்த ஊர் கோர்ட்டுக்கே அனுப்பிவிடுவாராம். என்ன ஒரு ஞானம் என்று எழுதியிருக்கிறார்கள்.

எங்க அக்காவைக் கேட்கவில்லையே சார்...

போய் வாருங்கள்.