கீழத்தெருவுக்கு வந்த கை கழுவும் தண்ணீர்

ஊரார் தினமும் செய்கிற காரியத்தை ஊர் தேடிப் போய் அவர்களுக்கே சொல்லிக்கொடுப்பதுதான் சுகாதார ஆய்வாளர் வேலை. கொரோனா வந்த வருடம் வலங்கைமான் பக்கத்துக் கிராமங்களுக்கு நான் சொல்லிக்கொடுத்தது கை கழுவ. ஊருக்கெல்லாம் மைக்கில் புத்தி சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போய் மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளும் சக ஊழியர்களே, என் கதையைக் கேட்டு ஆறுதல் அடையுங்கள்.

நுரை

கீழத்தெரு முனையில் பெண்களைத் தள்ளித் தள்ளி நிற்கவைத்து, செயல்முறை விளக்கம் ஆரம்பித்தேன். எல்லோரும் நடவு முடித்து வயலிலிருந்து நேரே வந்தவர்கள். முழங்கை வரை சேறு காய்ந்திருந்தது. நான் பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரில் கையை நனைத்து, சோப்பு போட்டு, விரலிடுக்கு, நகக்கண், கட்டைவிரல் என்று நாட்டியக்காரன் மாதிரி அபிநயம் பிடித்தேன். நுரை பொங்கியது. தெருக்குழாயைப் புறங்கையால் திருகினால், புஸ்ஸென்று காற்றுதான் வந்தது. காலையில் ஒரு மணி நேரம் தண்ணீர் விட்டால், அதற்கப்புறம் மறுநாள்தானாம்.

இரண்டு கையிலும் நுரையோடு, வண்டிச் சாவியைக்கூட எடுக்க முடியாமல் நின்றேன். நடவு செட்டுத் தலைவி மல்லிகா, சமையலுக்குப் பிடித்து வைத்திருந்த குடத்திலிருந்து ஒரு சொம்பு மொண்டுவந்து என் கையில் ஊற்றினார். ஊற்றிக்கொண்டே சொன்னார்:

"சோப்பு போடத் தெரியும் சார். மாமனாரு நெஞ்சுச் சளியில படுத்த படுக்கையா இருக்காரு, நான்தான் சோறு ஊட்டணும். வாய்க்கால் தண்ணியில பூச்சி மருந்து கலந்து கெடக்கு. வயல்லேருந்து வந்து கை கழுவ இந்தத் தெருவுல தண்ணி எங்க இருக்கு, அத மட்டும் காட்டிட்டுப் போங்க."

சுற்றறிக்கை

அந்தச் சொம்புத் தண்ணீர் என்னைப் பாடாய்ப் படுத்தியது. மறுநாளே ஊராட்சி அலுவலகத்துக்குப் போனேன். தலைவரம்மா பொறுமையாகக் கேட்டார். மோட்டாரை மதியத்திலும் ஓட்ட வழியில்லை, பக்கத்தில் போர்வெல் வைத்திருப்பவர்கள் மனசு வைத்தால்தான் உண்டு என்றார். அவர்கள் மனசு வைப்பதற்காகவே கூட்டம் கூட்டினோம்.

கண், மூக்கு, வாய் எதையும் கையால் தொடக்கூடாது என்ற சுற்றறிக்கையை உருக்கமாக வாசித்தேன். குரல் நன்றாக எடுபடட்டும் என்று மாஸ்க்கை மோவாய்க்கு இறக்கியிருந்தேன். பக்கம் முடிந்தது. பழக்கதோஷம், விரலை நாக்கில் தொட்டுத் தாளைத் திருப்பினேன். தலைவரம்மா பக்கத்தில் வந்து நின்றார்:

"நீங்க படிங்க சார், தாள நான் திருப்பித் தர்றேன்."

திடல்

கீழத்தெரு முனையை ஒட்டி ஒரு சின்னத் திடல் இருக்கிறது. அதற்குக் கிழக்கே கோவிந்தசாமியின் போர்செட், மேற்கே அவர் தம்பி ராஜேந்திரனின் போர்செட். கூடப் பிறந்தவர்கள்தான். அப்பா காலமானதிலிருந்து நடுவிலிருக்கும் திடலுக்காகக் கோர்ட்டில் நின்றுகொண்டிருந்தார்கள். இதெல்லாம் தெரியாத மேதாவியான நான், இருவரில் யாராவது நிரப்பிவிடுவார்கள் என்று நம்பி, குழாய் வைத்த நீல ட்ரம் ஒன்றைக் கொண்டுபோய் அங்கே இறக்கினேன்.

அண்ணன் ஓடிவந்தார். "தம்பிதானே வைக்கச் சொன்னான்? நாளைக்கு ட்ரம்ம போட்டோ எடுத்து, திடல் என் கையில, என் அனுபோகத்துலதான் இருக்குன்னு கோர்ட்ல நீட்டுவான். எடுங்க சார்!" நான் கெஞ்சினேன், கொரோனாவைக் காட்டி மிரட்டினேன், மல்லிகாவின் மாமனாரைச் சொன்னேன். மனிதர் மசியவில்லை. எரிச்சலில், "அப்படின்னா நீங்களே ஒரு ட்ரம் வச்சிடுங்களேன், அனுபோகம் உங்களுக்கே ஆகட்டும்" என்று வாயை விட்டேன். அவர் முகம் மலர்ந்துபோயிற்று. என் ட்ரம்மைத் திரும்ப ஏற்றிக்கொண்டு வந்தேன்.

விடிந்து போனால், 'கோவிந்தசாமி' என்று பெயின்ட்டில் எழுதிய ட்ரம் தண்ணீரோடு நின்றது. மதியத்துக்குள் அதன் பக்கத்திலேயே 'ராஜேந்திரன்' என்று இன்னொன்று, அதைவிட ஒரு சாண் உயரமாக.

அப்புறம் நான் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. அண்ணன் வலைப்பையில் சோப்பு கட்டித் தொங்கவிட்டார். தம்பி பிள்ளைகளுக்கு எட்டும்படி தாழ்வாக இன்னொரு குழாய் வைத்தார். ட்ரம் காய்ந்தால் அனுபோகம் போய்விடும் என்று இருவரும் ஹோஸைப் போட்டு நிரப்பிக்கொண்டே இருந்தார்கள். எங்கள் டாக்டர் வந்து பார்த்து, மக்களை இப்படித் திரட்டிவிட்டீர்களே என்று என்னைப் பாராட்டினார். வெட்கமே இல்லாமல் வாங்கிக்கொண்டேன். தம்பி என் கையைப் பிடித்து இழுத்தார்:

"அவர் வச்சிருக்கது துணி சோப்பு சார். என் சோப்ப மோந்து பாருங்க!"

ராஜி

இரண்டாவது அலையும் ஓய்ந்த பிறகு, அண்ணன் மகள் கல்யாணத்துக்காகச் சகோதரர்கள் ராஜியாகிவிட்டார்கள். திடல் ஆளுக்குப் பாதி. ஊரே சந்தோஷப்பட்டது, வழக்கே இல்லையென்றால் ட்ரம்மை யார் நிரப்புவார்கள் என்று எனக்கு மட்டும் கவலை. நினைத்தபடியே மறுநாள் தலைவரம்மாவிடமிருந்து போன் வந்தது. ட்ரம்மை எடுக்கிறார்களாம். வண்டியை விரட்டிக்கொண்டு போனேன்.

அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு ட்ரம்மைச் சாய்த்துப் பிடித்திருந்தார்கள். நடவு செட்டு முழுவதும் சேற்றுக் கையோடு சுற்றி நின்றது. தெருவில் முதல் வீட்டு வாசலில் மல்லிகாவின் மாமனார் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்ததும் வண்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். பேச வந்ததெல்லாம் மறந்துபோயிற்று. நல்லவேளை, மல்லிகா என்னை எதிர்பார்த்து நிற்கவில்லை. சோப்பை எடுத்துக் கையில் தேய்த்தபடி சகோதரர்களைப் பார்த்துச் சொன்னார்:

"ட்ரம்முதாங்க உங்களுது. அன்னையிலேருந்து தெனமும் இந்த எடத்துல நின்னு கை கழுவுறது நாங்கதான். அனுபோகம் யாருதுன்னு நீங்களே வக்கீல்கிட்ட கேட்டுட்டு வாங்க, அதுவரைக்கும் ட்ரம்மு இங்கயே இருக்கட்டும்."

வக்கீல் இன்னும் யோசித்துக்கொண்டிருப்பதாகக் கேள்வி. ட்ரம் இரண்டும் அங்கேயே நிற்க, என் சர்வீஸில் உருப்பட்ட ஒரே சுகாதாரத் திட்டம் எனக்குச் சம்பந்தமே இல்லாமல் நடந்துகொண்டிருக்கிறது.