விளக்குப் பாறையும் மருதையின் காரும்

சென்ற வாரம் பெல்மதுளைச் சந்தியில் மழைக்கு ஒதுங்கிய கடையில், பருத்த சக்கரங்களோடு ஒரு பொம்மைக் கார் இருந்தது. விற்பனைக்கு நின்ற பெண் அதைத் தரையில் விட்டு, ரிமோட்டை என்னிடம் நீட்டினாள்.

"புடிச்சுப் பாருங்க ஐயா, கல்லு மேலயெல்லாம் ஏறும்."

என் கை தானாக முதுகுக்குப் பின்னால் போயிற்று. அறுபது வயதைக் கடந்து, நாள்தோறும் திருநீறு பூசி, அஞ்சாமை வேண்டிப் பாடுகிறவன், உள்ளங்கையளவு பெட்டிக்கு அஞ்சினேன். அவள் சிரித்தாள், நானும் சிரித்துவைத்தேன். ஆனால் அந்தச் சக்கரங்களின் புது ரப்பர் வாசம் என்னை விடவில்லை. தெரணியகலைப் பக்கத்துத் தோட்டம் வரை இழுத்துப் போய்விட்டது.

யுத்தத்தின் இறுதி ஆண்டுகள் அவை. அங்கே நான் கணக்கப்பிள்ளை. பகலில் மலையில் வேலை வாங்குவேன், மாலையில் தோட்டத்து முருகன் கோயிலில் பதிகம் பாடுவேன். குரல் சுமார்தான் என்றாலும், இறைவன் எழுந்து போனதாகத் தெரியவில்லை. தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் பிட்டராக மருதை இருந்தான். குவைத்தில் வீட்டுவேலை பார்த்த தங்கை, அண்ணனுக்குக் கைக்கடிகாரம் வேண்டுமா என்று கேட்டபோது, கல்லேறும் கார் வேண்டுமென்று கேட்டு வாங்கியவன் அவன். வந்த கார், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் வாசற்படியிலேயே கவிழ்ந்தது. அன்றைக்கு அவனைப் பிடித்தது பித்து.

பட்டரிகளை மேலிருந்து கழற்றி, முன்சக்கரங்களுக்கு இடையில் தாழ்த்திக் கட்டினான். சக்கரங்களுக்குள் மீன்வலை ஈயக்குண்டுகளை அடைத்தான். வேகம் குறைந்து இழுவை கூடுவதற்காகப் பற்சக்கரங்களை மாற்றினான். ஒரு பக்கச் சக்கரம் அந்தரத்தில் நின்றாலும் மறுபக்கம் இழுக்கும்படி அச்சை இறுக்கினான். பாறையில் வழுக்காதிருக்க, டயர்களின்மேல் ரப்பர் பாலைத் தடவித் தடவிக் காயவிட்டான். ரப்பர் பால் காயும்போது எழும் அந்தப் புளித்த வாடையை அறிந்தவர்கள் மறக்கமாட்டார்கள். என் பூசைத் துண்டில்கூட அது ஏறியிருந்தது.

நண்பரே, பட்டரி, ஈயம், வயர், ரிமோட் என்று இவற்றை மட்டும் பிரித்து எண்ணிப் பாருங்கள். வாங்கியவன் தமிழன் என்பதையும், அந்தக் காலத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். லயத்தில் பேச்சு கிசுகிசுப்பாகத் தணிந்தது. பக்கத்து வீட்டுக்காரி துணி காயப்போடும் கயிற்றை அவன் சுவரிலிருந்து அவிழ்த்து வேறிடத்தில் கட்டினாள். குண்டு செய்கிறானோ என்று நானும் ஐயுற்றேன். ஒருநாள் அவன் வீட்டுக்கே போனேன்.

"என்னா மருத, லயமே உன்னயப் பத்தித்தான் பேசுது."

"பேசட்டுங்க ஐயா. பாறையில ஏறணும், அவ்வளவுதான்."

"ஏறி?"

"எறங்கணுங்க." சிரித்தான். பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்தான். "கார்த்திகைக்கு வெளக்கு இதுலதாங்க போவுது. தங்கச்சிக்கிட்டகூடச் சொல்லல. கோயில் நெருப்பு நீங்கதான் குடுக்கணும், அதான் ஒங்ககிட்டச் சொல்றேன்."

லயங்களுக்கு மேலே ஒரு வழுக்குப் பாறை உண்டு. உச்சியில் ஊன்றிய வேலின் அடியில் கார்த்திகைதோறும் விளக்கேற்றுவோம். அங்கே தொலைபேசிக் கோபுரம் எழும்பி, வேலியும் காவலும் வந்தபின், யாரும் மேலே போகக்கூடாதென்று உத்தரவாயிற்று. விளக்கு நின்றுபோனது. அந்த வேலியின் கீழ்க்கம்பிக்கும் பாறைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி இருந்தது.

"காவல்காரங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டுருவோம்" என்றேன்.

"கேட்டா வேணாம்பாங்க. கேக்காட்டிதாங்க கார்த்திக."

அடியவன் உள்ளம் ஆம் என்றது. கணக்கப்பிள்ளையின் வயிறு வேண்டாம் என்றது. அடியவனே வென்றான்.

கார்த்திகையன்று அந்தி சாயும் வேளையில், அகலை ஒரு தகர டப்பாவுக்குள் நிறுத்தி, காரின் முதுகில் கட்டினோம். கோயில் நெருப்பால் ஏற்றினேன். கார் முனகிக்கொண்டு ஏறியது. வெடிப்பொன்றில் தயங்கி, மூக்கை உயர்த்தி, மறுபடி பற்றிக்கொண்டது. லயத்து வாசல்களில் சனம் திரண்டது. ஆளில்லாமல் ஒரு சுடர் பாறையில் நடந்துபோகும் காட்சியில், பாடவேண்டிய பதிகமே எனக்கு மறந்துபோயிற்று.

பாதிப் பாறையில் விசில் ஊதிற்று. காவலர்கள் மேலேயிருந்து வரவில்லை. எங்களுக்குப் பின்னால், ரப்பர் மரங்களுக்கிடையிலிருந்து துப்பாக்கிகளோடு வந்தார்கள். கைகளைத் தூக்கச் சொல்லிச் சிங்களத்தில் அதட்டினார்கள். அவர்களின் தலைவரான சார்ஜன் மருதையின் அருகில் வந்து, தெரிந்த தமிழில் சொன்னார்: "ஒண்டும் அமுக்க வேணாம். வெரல் அசைக்க வேணாம்."

மருதை ரிமோட்டைப் பிடித்தபடி கல்லாய் நின்றான். கார் ஏறவும் முடியாமல் இறங்கவும் முடியாமல் அங்கேயே நின்றது. எண்ணெய் தீரும்வரை யாரும் அதன் அருகில் போகத் துணியவில்லை. தலைக்கு மேல் தூக்கிய கைகளோடு தோட்டமே அந்தச் சுடரைப் பார்த்து நின்றது. முதலில் யாருடைய கைகள் குவிந்தன என்று தெரியாது. பார்த்தபோது எல்லாருடைய கைகளும் குவிந்திருந்தன; என்னுடையவையும்.

சுடர் அணைந்ததும் மருதையைக் கொண்டுபோனார்கள். தோட்டத்தை நிர்வகித்த தொரை போய்ப் பேசி, தங்கை குவைத்திலிருந்து வந்து நடையாய் நடந்து, மழைக்காலம் கழிந்த பிறகே அவன் திரும்பினான். மெலிந்திருந்தான். கார் திரும்பவில்லை. பார்க்கப் போன என்னிடம், உட்காரச் சொல்லுமுன்பே கேட்டான்.

"அவங்க நம்ம வர்றதுக்கு முந்தியே மரத்துக்குப் பின்னால நின்னாங்க. யாருங்க ஐயா சொன்னது?"

"எனக்குத் தெரியாது மருத."

நான் யாரிடமும் சொல்லவில்லை. வேண்டுதலில்கூட வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் அவன் சொல்லியிருந்தது என் ஒருவனிடம்தான். அவன் பார்வை என் முகத்தில் நின்ற நேரத்தில், அது எனக்குப் புரிந்தது. கயிற்றை அவிழ்த்தவளா, ஈயம் விற்ற கடைக்காரனா என்று நான் எத்தனை பேரை நினைத்தாலும், அவன் எண்ணிக்கை என்னிடமே வந்து முடிந்தது.

யுத்தம் ஓய்ந்தது. மாணிக்கக்கல் தோண்டும் குழிகளில் நீரிறைக்கும் மோட்டார் திருத்தும் வேலைக்கென்று மருதை தோட்டத்தை விட்டுப் போனான். பிறகு ஒருமுறை குருவிட்ட என்ற ஊரின் பஸ் நிறுத்தத்தில் எதிர்ப்பட்டான்.

"நல்லா இருக்கீங்களா ஐயா?"

"இருக்கேன் மருத. இப்ப எங்க குடியிருக்க?"

"இந்தப் பக்கந்தாங்க" என்று, எந்தத் திசையையும் காட்டாமல் கையை அசைத்தான். என் பஸ் வந்தது. நான் ஏறி உட்கார்ந்தேன். அது வளைவில் திரும்பும்வரை, தன் வழி எதுவென்று எனக்குக் காட்டாமல், அவன் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை.